பிழைச் செய்தி ஏதுமில்லை

விழுந்திருந்தால் நல்லது.
விழுகிற புரோகிராம் தன் காயத்தைச்
சிவப்பெழுத்தில் காட்டிவிட்டுச் சாகும்.
இது சாகவில்லை.
சீனன்குடா எடைமேடையில்
சீமெந்து லொறி ஏறி நிற்க
திரையில் எண் இமைக்காமல் நிற்க
சி.பி.யு. பூச்சியத்தில் கிடக்கிறது,
காற்றில்லாத நாளின் உள்துறைமுகம் மாதிரி.

"மிஸ், திரும்பவும் உறைஞ்சு போச்சு."
இரவு வேலைக்காரன் அஜ்வத்.
இந்தக் கிழமை நாலாவது தரம்.
நிப்பாட்டிப் போட்டால் ஓடும் என்கிறான்.
ஓடும்தான்.
நிப்பாட்டிப் போட்டால் ஓடுவதையெல்லாம்
சுகமாயிற்று என்று எழுதலாமா?

வேவு பார்க்க நாலு வரி சேர்த்தேன்:
எந்த இழை, எந்தக் கணம், எங்கே நின்றது.
அன்றிரவு
நூற்றுப் பதினாறு லொறி. ஒரு தடங்கலில்லை.
வரிகளை அழித்தேன்.
அடுத்த இரவே நின்றது.
பரிசோதகர் ஏறும் நாளில் மட்டும்
நேரத்துக்கு வரும் பஸ்ஸைப் போல
என்று திட்டிக்கொண்டு படுத்தவளுக்கு
விடியப்புறம்தான் உறைத்தது:
அச்சிட எடுத்த அந்த மில்லிசெக்கனில்
ஒன்று பிந்தியிருக்கிறது,
மற்றது தப்பியிருக்கிறது.

இனி உறைந்தால் தொடாதே என்றேன்.
தொடாமல், சாரதியிடம் ஏச்சு வாங்கியபடி
அஜ்வத் காத்திருந்தான்,
உவர்மலையிலிருந்து ஸ்கூட்டியில் நான் போய்ச் சேரும்வரை.
நின்ற நிலையிலேயே பிரதி எடுத்தேன்.
நாற்பத்தொரு இழைகள்.
முப்பத்தொன்பது சும்மா உறங்குகின்றன.
மீதி இரண்டில்

எடை இழை
மேடையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு
பேரேட்டுக்குக் காத்திருக்கிறது.
பில் திருத்தும் இழை
பேரேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு
மேடைக்குக் காத்திருக்கிறது.

தனித்தனியே வாசித்தால்
எவ்வளவு ஒழுங்கான வரிகள்.
பூட்டு, வேலையை முடி, திற.
திறப்பதற்கு முன்னால் ஒரேயொரு சின்னத் தேவை.

லொறிக்காரர் புண்ணியமூர்த்தி
கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.
நாற்பது நிமிடக் கோபம் அவருக்கு.
என்னதான் வருத்தம் இதுக்கு என்றார்.
சொன்னேன்.
கோபத்தை மறந்து சிரித்தார்.
"இது எங்கட குச்சவெளிக் காணிக் கதையெல்லோ!
வனத்தின்ர கடிதம் கொண்டா எண்டு கச்சேரி,
கச்சேரிக் கடிதம் கொண்டா எண்டு வனம்.
பதினொரு வருசம்.
ரெண்டு இடத்திலயும் நல்ல மனிசர், தங்கச்சி.
இருக்கச் சொல்லி ரீயும் தருவினம்."

விடிந்து பஸ் நிலையத்தடியில்
பிளேன்ரீயோடு தாள்களை விரித்தேன்.
மூன்றாம் பக்கத்தை ஒரு மான் இழுத்துத் தின்றது.
அதில் உறங்கும் இழைகள்தான்.
விட்டுவிட்டேன்.

திருத்தம் இரண்டு வரி.
இரண்டுகூட இல்லை, இடம் மாற்றியதுதான்:
முதலில் மேடை, பிறகு பேரேடு.
யார் வந்தாலும், என்ன அவசரமென்றாலும்
இந்த வரிசை.
கோணலாய் எழுதிய ஆளைப் பிடிக்கவேண்டுமென்று
பழைய பதிவுகளைத் தோண்டினேன்.
இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளி,
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
நான்.

பத்தாயிரம் பொய் லொறிகளை
இரவு முழுக்க ஏற்றி இறக்கினேன்.
நிற்கவில்லை.
நிற்கவில்லை என்பது
நிற்காது என்பதல்ல என்று தெரியும்.
இருந்தாலும் நித்திரை வந்தது.

பத்து நாள் கழித்து
புண்ணியமூர்த்தியின் லொறி மேடையில் ஏறி
ஏழு செக்கனில் இறங்கியது.
"ஓடுது போல" என்றார்.
"ஓடுது. உங்கட?"

பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
அந்தப் பையில் ஏற்கெனவே நிறையத் தாள்.
"வனத்துக்குப் புது ஐயா வந்திருக்கிறார்.
பழைய பைலை மூடிப்போட்டு
முதலில இருந்து தொடங்கச் சொல்லுறார்."

பின்னால் நின்ற லொறி கோர்ன் அடித்தது.